தாழ் வெளியே இருந்தது

பள்ளியில் யாராவது பிறந்தநாள் கேக் கொண்டுவந்தால் அந்த மிஸ் ஓரத்துத் துண்டைத் தொட மாட்டார். கத்தியை வாங்கி நேராக நடுவில் குத்தி, அங்கிருந்து சுண்டைக்காய் அளவு எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்வார். நான் அதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. கேக் என் மகளுடையது.

"தப்பா நெனைக்காதீகம்மா," என்றார். "எங்க அத்தாவுக்கு விருதுநகர்ல பருப்பு வியாபாரம். மூட்டையோட வாயைப் பாத்து வெலை பேசுனவன் உருப்பட்டதில்லைன்னு சொல்லுவாக. நடுவுல குத்தூசியை விட்டு உருவிப் பாக்கணும். அங்கனதான் சரக்கு இருக்கும்."

"கேக்குக்குள்ள கல்லும் மண்ணுமா இருக்கும் மிஸ்?"

"இருக்காது. ஆனா க்ரீமுக்குக் கீழ நேத்தைய கேக் இருக்கும்ல?"

அது நேற்றைய கேக்தான். கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தார் என்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. அந்த வீட்டு ரகசியத்தை ஒரு வாய் தின்று கண்டுபிடித்த ஒருவரோடு எப்படிப் பழகுவது என்று அன்றைக்கு யோசித்தேன். பிறகு இரண்டு வருடம் பழகினேன். எப்படிப் பழகினேன் என்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளி. நான் யூகேஜிக்கு டீச்சர். என் மகளும் என் வகுப்பிலேயே படித்தாள். அவர் பெரிய வகுப்புகளுக்குச் சமூக அறிவியல். விருதுநகரிலிருந்து சாத்தூர் வந்து, அங்கிருந்து மினி பஸ் பிடித்து வருவார். ஆசிரியர் அறையில் அவருக்கு 'சிஐடி மிஸ்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். "சிஐடின்னா சம்பளம் கூட வருமேம்மா," என்பார். ஊரை விட்டு நாங்கள் இப்போது வந்துவிட்டதால்தான் இதை எழுதத் துணிவு வந்திருக்கிறது. அப்போதும் அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

பாடப்புத்தகத்தை அவர் பென்சிலோடுதான் வாசிப்பார். பக்க ஓரமெல்லாம் கேள்விக்குறி. ஒருநாள் என் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் இருந்த தட்டி வழியே அவர் குரல் கேட்டது. கோட்டைகள் பற்றிய பாடம். 'மன்னர்கள் மக்களின் பாதுகாப்புக்காக மலைக்கோட்டைகளைக் கட்டினர்' என்று ஒரு பையன் நோட்ஸிலிருந்து வாசித்தான்.

"மக்கள் எங்க குடியிருந்தாக? மலைக்கு மேலயா, கீழயா?"

"கீழ மிஸ்."

"சண்டை வருது. கதவைச் சாத்தியாச்சு. மக்கள் உள்ளயா வெளியயா?"

"வெளிய மிஸ்."

"அப்ப யாருக்குல பாதுகாப்பு?"

ஒரு பையன், "கதவுக்கு மிஸ்!" என்றான். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்றான்," என்றார்.

எதைக் கேட்டாலும் 'யாரு சொன்னா, எதுக்குச் சொன்னா' என்று கேட்பது அவர் வழக்கம். அது பிள்ளைகளுக்குத் தொற்றியது. ஒரு தகப்பன் பள்ளிக்கே வந்துவிட்டார். "சாயங்காலம் பரோட்டா வாங்கியாரேன்னு சொன்னேன் டீச்சர். 'யாரு சொன்னா, எதுக்குச் சொன்னா'ன்னு என்கிட்டயே கேக்குறான். நான்தான்டா சொன்னேன், ஒன் அப்பன்!" என்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஆனால் சிரிக்க முடியாத பேச்சும் ஒன்று இருந்தது. தமிழ் டீச்சர்தான் எனக்கு முதலில் சொன்னார், மதியம் டிபன் கழுவும் இடத்தில்.

"அவுககிட்ட வீட்டுக் கதை பேசாதீக. போன வருசம் இந்தச் சுத்துல ரெண்டு பட்டாசு கம்பெனிக்கு சீல் வச்சாகளே, ஞாபகம் இருக்கா? யாரோ போன் போட்டுச் சொல்லித்தான் அதிகாரிக வந்தாகளாம்."

"அதுக்கு மிஸ் என்ன பண்ணுவாக?"

"பிள்ளைககிட்ட என்ன கேக்குறாகன்னு கவனிங்க. ஒங்கம்மா எந்த கம்பெனி, எந்த ரூம், ஒரு ரூம்ல எத்தனை பேருன்னு. சோசியல் பாடத்துல இதெல்லாம் எங்க வருது?"

நான் கவனித்தேன். உண்மைதான், கேட்டார். அதன் பிறகு அவர் என்னிடம் சாதாரணமாக எதைக் கேட்டாலும், பதில் சொல்லுமுன் ஒரு நொடி நின்றேன். அவர் அந்த நொடியையும் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அப்போது தனியாக ஒரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கூலிக்குப் பட்டாசு ஒட்டிய குடும்பத்தில் பிறந்து, ராத்திரி படித்துப் பரீட்சை எழுதி, போர்மேன் சான்றிதழ் வாங்கியவர். ஒவ்வொரு பட்டாசு கம்பெனியிலும் சான்றிதழ் உள்ள போர்மேன் ஒருவர் இருந்தாக வேண்டும். மருந்து கலப்பதிலிருந்து ஆட்கள் உட்காரும் இடைவெளி வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. விபத்து என்றால் செய்தியில் 'போர்மேன் கைது' என்றுதான் முதல் வரி வரும். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் ஏற்கெனவே மூத்த போர்மேன் ஒருவர் இருந்ததால், சான்றிதழ் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருந்தது.

அந்த ஆனி மாதம் இன்னொரு கம்பெனியின் மேனேஜர் வீடு தேடி வந்தார். அவர்கள் போர்மேன் நின்றுவிட்டாராம். ஆடி முதல் தேதி வந்து சேர்ந்தால் போதும். சம்பளம் எங்களுக்குக் கனவு மாதிரி. ஆனால் அந்தக் கம்பெனியில் ரூம்களை ஆளுக்கு ஆள் உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். முதலாளி ஒருவர், ரூமை நடத்துகிறவர் வேறொருவர், மாட்டிக்கொள்வது போர்மேன். நான் அதைச் சொன்னேன்.

"எல்லா எடத்துலயும் அப்படித்தான் புள்ள நடக்குது," என்றார் அவர். "நான் போயி உள்ள நின்னாத்தான ஒழுங்கு பண்ண முடியும்?"

அது சரி என்றும் பட்டது. தவறு என்றும் பட்டது. மகளை அடுத்த வருடம் சாத்தூரில் நல்ல பள்ளியில் சேர்க்கலாம். அவளுக்கு அப்பா வேண்டுமே என்று உடனே நினைப்பேன். ஒரே நாளில் இரண்டு பக்கமும் பேசினேன். அவருக்கே அலுத்துவிட்டது. கடைசியில், யாரிடம் பேசக்கூடாது என்று எச்சரித்தார்களோ அவரிடமே மினி பஸ்ஸில் சொல்லித் தொலைத்தேன்.

அவர் கம்பெனி பெயரைக் கேட்டார். எத்தனை ரூம் என்று கேட்டார். "எதுக்கு மிஸ்?" என்றேன்.

"நல்ல கேள்வி," என்றார். "எல்லாரையும் அப்படிக் கேளுங்க. மேனேஜர்கிட்ட கேட்டீகளா? இருந்த போர்மேன் எதுக்கு நின்னாருன்னு?"

கேட்கவில்லை.

அந்த மாதமே பிள்ளைகளைக் களப்பயணம் கூட்டிப்போனோம். திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு மலைக்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி லீவு. சின்னப் பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் வந்தார். பக்கத்துத் தெரு முத்துலட்சுமி அக்கா வந்தாள். மேனேஜர் வந்துபோன அதே கம்பெனியில்தான் அவளும் வேலை பார்த்தாள்.

மலை, கவிழ்த்த அண்டா மாதிரி மொட்டையாக வெயிலில் கிடந்தது. சுவர் மலையின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே போனது. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து சொல்ல முடியவில்லை. நுழைவாயிலில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, மிஸ் பிள்ளைகளை வாசலுக்குள் நிறுத்தினார்.

"உள்ள வந்தாச்சா? இப்ப நேரா ஓடுங்க பாப்போம்."

ஓட முடியவில்லை. வாசலைத் தாண்டியதும் எதிரே சுவர். சடாரென்று வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் இன்னொரு வாசல்.

"யானை ஓடி வந்துதான் கதவை முட்டும். இங்க யானைக்கு ஓட எடமே குடுக்கல. திரும்புற எடத்துல மேல பாருங்க."

மேலே சுவரில் சாய்ந்த துளைகள். வெளிப்பக்கம் குறுகி, உள்பக்கம் அகன்று, கீழே நிற்பவர் தலையை நோக்கி இறங்கின. முத்துலட்சுமி அக்கா தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப எவனும் இல்லையே டீச்சர்?" என்றாள்.

படிகளும் ஒழுங்காக இல்லை. பாறையில் வெட்டிய படி ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல்கடை. ஓடி வருகிறவன் தடுக்கி விழுவதற்காக இருக்கலாம், வெட்டியவன் சோம்பேறியாகவும் இருக்கலாம், எதையும் உடனே நம்பாதீர்கள் என்றார். சுவரில் கையை வைத்துக் காட்டினார். கீழ் வரிசைகளில் பெரிய கற்கள், சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று கவ்வி இருந்தன. மேலே போகப் போக சின்னக் கற்கள், நடுவில் சுண்ணாம்பு, உச்சியில் செங்கல்.

"கீழ கட்டுனவன் நாயக்கர் காலத்து ஆளு. அவன் ஏணி போட்டு ஏறி வர்றவனுக்குப் பயந்தான். மேல கட்டுனது மைசூர்க்காரன். அதுக்குள்ள பீரங்கி வந்துருச்சு. குண்டு விழுந்தா கல்லு செதறி நம்ம ஆளையே கொல்லும், செங்கல்லு பொடியாப் போயிரும். அவன் அதுக்குப் பயந்தான். அப்புறம் வெள்ளைக்காரன் வந்து, உள்ள இருக்குற சிப்பாய்க்கே பயந்து ஜெயிலு கட்டினான். கோட்டையைப் பாத்தா வீரம் தெரியுதுன்னு எழுதியிருக்காக. எனக்குப் பயம்தான் தெரியுது."

கோட்டையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. தன்னைப் போலவே யாரையும் நம்பாத ஆட்களின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் மாதிரி நடந்தார்.

ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்தார். கதவுகள் எப்போதோ போய்விட்டன. ஆனால் கதவுக்குக் குறுக்கே கட்டையைச் செருகும் துளைகள் நிலைக்கல்லில் இருக்கும். அது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். "தாழ் எந்தப் பக்கமோ, கதவைப் போட்டவன் அந்தப் பக்கம்," என்றார். பிள்ளைகள் முந்தியடித்து ஓடி, "உள்ள மிஸ்! இங்கயும் உள்ள மிஸ்!" என்று கத்தினார்கள்.

உச்சியில் ஒரு கோயில். சாமி இல்லாத கோயில். சிலையை எப்போதோ கீழே கொண்டுபோய்விட்டார்களாம். எங்கள் பெண்கள் செருப்போடு உள்ளே போய் நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தார்கள். சாப்பிட்டுக் கீழே இறங்கும் வழியில், பாறைச் சரிவில் தனியாக ஒரு கட்டடம். 'வெடிமருந்துக் கிடங்கு' என்று பலகை.

அதைப் படித்த மாத்திரத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கைப்பேசியை எடுத்து வாசல் கல்லில் வரிசையாக வைத்தார்கள். ஒருத்தி மகளின் கொலுசைக் கழற்றினாள். முத்துலட்சுமி அக்கா நிலைக்கல்லை உள்ளங்கையால் தொட்டுவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். மருந்து ரூமுக்குள் போகுமுன் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கத் தாமிரத் தகட்டைத் தொடுவார்கள், அந்தப் பழக்கம்.

காவலாளி குழம்பிவிட்டார். "ஏக்கா, கோயிலுக்குள்ள செருப்போட போனீங்க, இங்க எதுக்குக் கழட்டுறீங்க?"

"அங்கன சாமி இல்ல. இங்கன மருந்து இருக்கு," என்றாள் முத்துலட்சுமி அக்கா.

"மருந்து போயி எரநூறு வருசம் ஆச்சுக்கா!"

"ஓட்டைக்குள்ள ஒட்டியிருக்கும்யா. ஒனக்கு என்ன தெரியும்."

என் வீட்டுக்காரரும் வெறுங்காலோடுதான் உள்ளே போனார். போனவர் வெளியே வரவே இல்லை. சுவரின் தடிமனை முழம் போட்டார். காற்றுத் துளைகளுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அவை நேராகப் போகாமல் சுவருக்குள்ளேயே வளைந்து வெளியேறின. "நெருப்புப் பொறி நேரா உள்ள வராது பாத்தியா," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "மத்த கட்டடத்துலருந்து எம்புட்டு தள்ளிக் கட்டியிருக்கான்! நம்ம விதியெல்லாம் அப்பவே இருந்துருக்கு. அருமையாக் கட்டியிருக்கான்."

அப்போதுதான் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் இருந்து கத்தினாள். "மிஸ்! இங்க மட்டும் வெளிய இருக்கு!"

எல்லோரும் திரும்பினோம். கட்டை செருகும் துளைகள் வெளிப்பக்கம் இருந்தன. கதவு சுழலும் குடுமிக்குழிகளும் அதே பக்கம். அதாவது வெளியே கட்டை விழுந்தால் உள்ளிருந்து தள்ளித் திறக்க முடியாது.

"கிடங்குன்னா வெளியதான பூட்டுவாக," என்றார் என் வீட்டுக்காரர். "சரக்கு வைக்குற எடம். களவு போகாம இருக்க."

"சரக்கு மட்டுந்தான் இருந்துச்சா?" என்று கேட்டார் மிஸ். மூலையில், தரைப்பாறையில் உரல் போல ஒரு குழி. அதைக் காலால் காட்டினார். "இது என்னன்னு எனக்குத் தெரியாது. எழுதி வச்சவுக யாருமில்ல. ஒங்களுக்குத் தெரியுமா?"

என் வீட்டுக்காரர் குனிந்து குழிக்குள் கையை விட்டுத் தடவினார். வழவழப்பாக இருந்தது. "இடிச்சிருக்காக," என்றார் மெதுவாக. "கரியோ, கந்தகமோ."

"அப்ப இடிக்க ஆளு இருந்துருப்பான். அவன் உள்ள. தாழ் வெளிய." மிஸ் குரலை உயர்த்தவில்லை. "அருமையாக் கட்டியிருக்கான்னு சொன்னீக. யாருக்கு அருமைன்னுதான் கேக்குறேன்."

என் வீட்டுக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "அங்கனயும் பின்கதவுக்கு வெளியதான் பூட்டுப் போட்டுருக்காக. மருந்தைத் திருடிருவாகளாம். போன வாரம் அந்தக் கம்பெனி ரூமைப் பாக்கப் போனேன், அப்பப் பாத்தேன்."

எனக்கு அது புதுச் செய்தி. ரூமைப் பார்க்கப் போனதையே அவர் எனக்குச் சொல்லவில்லை. மிஸ் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குத்தூசியை விட்டு உருவி, கையில் விழுந்த சரக்கைப் பார்க்கும் பார்வை.

வெளியே ஒரே கூச்சல். வாசலில் கழற்றிய செருப்பில் ஒன்றைக் குரங்கு தூக்கிக்கொண்டு கோயில் மேல் ஏறிவிட்டது. முத்துலட்சுமி அக்கா ஒற்றைச் செருப்போடு மலை இறங்கினாள், குரங்கின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே.

ஆடி முதல் தேதி அவர் அந்த வேலைக்குப் போகவில்லை. பின்கதவைத் திறந்து வைத்தால் வருகிறேன் என்று சொன்னாராம். அது ரூம் எடுத்தவர் விஷயம், நீங்கள் கையெழுத்தை மட்டும் பாருங்கள் என்றாராம் மேனேஜர். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே மிஸ் மேல் ஒரு கோபமும் இருந்தது. எங்கள் வீட்டு முடிவை எங்கிருந்தோ வந்தவர் எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்று. அவருக்கு எதற்கு இவ்வளவு அக்கறை? அந்தக் கம்பெனி மேல் அவருக்கு என்ன கண்?

ஆவணியில், சீசன் சூடாக ஓடிக்கொண்டிருந்தபோது, அதிகாரிகள் அந்தக் கம்பெனிக்கு வந்தார்கள். நேராகப் பின்பக்கம் போய்ப் பூட்டுகளைப் பார்த்தார்களாம். சீல் வைத்துவிட்டுப் போனார்கள். தீபாவளிக்கு முன்னால் கூடுதல் வேலை பார்த்துப் பிள்ளைக்குத் துணி எடுக்கலாம் என்றிருந்த பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். சிலர் எங்கள் பள்ளிக்கு அப்பால் இருந்த தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலிக்கு மினி பஸ்ஸில் போய்வந்தார்கள்.

அந்த பஸ்ஸில்தான் அது நடந்தது. சாயங்காலம். மிஸ் வழக்கம்போலக் கடைசி சீட்டில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நான் மகளை மடியில் வைத்து நடுவில்.

"எவளோ ஒருத்தி போன் போட்டுக் காட்டிக் குடுத்துட்டா," என்று தொடங்கினாள் ஒருத்தி. "நேரா பின்கதவுக்குப் போறான்னா, உள்ள விசயம் தெரிஞ்ச ஆளுதான சொல்லியிருக்கணும்?"

"உள்ள வந்து பாத்த ஆளு யாரு இருக்கா?"

இன்னொருத்தி என் பக்கம் திரும்பினாள். "ஏ டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு அங்க போர்மேனா சேர இருந்தாருல்ல? ரூமையெல்லாம் சுத்திப் பாத்துட்டுப் போனாரே. அப்புறம் ஏன் வேணாம்னாரு?"

எல்லா முகமும் என்னைப் பார்த்தது. நாங்கள் அந்த ஊரில் வாழ வேண்டும். அவர் அந்தக் கம்பெனிகளில்தான் வேலை பார்க்க வேண்டும். காட்டிக் கொடுத்தவன் என்று ஒரு பேர் விழுந்தால் எந்த வாசலிலும் ஏற்ற மாட்டார்கள். மகள் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரை எதுக்கு இழுக்குறீக?" பின்னாலிருந்து மிஸ்ஸின் குரல். "போன் போட்டது நான்."

முத்துலட்சுமி அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

"ஒங்களுக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"பின்கதவு பூட்டியிருந்துச்சா இல்லையா?"

"பூட்டியிருந்தா ஒங்களுக்கென்ன? உள்ள இருந்தது நானு! எம் புள்ளைக்கு ஒங்க அத்தாவா பருப்பு குடுப்பாரு?"

"டவுன்லருந்து வந்து இங்க சிஐடி வேலை பாக்குதா!" என்றாள் இன்னொருத்தி. அதற்கு மேல் வந்த வார்த்தைகளை நான் எழுத விரும்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில், அவர் இறங்கும் இடமில்லை அது, மிஸ் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கருவேலங்காட்டு ரோட்டில் குடையை விரித்து நடந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு அப்போது ஆசுவாசமாக இருந்தது. தமிழ் டீச்சர் சொன்னது சரிதான் என்று தோன்றியது. இரண்டு வருடமாக நான் பட்ட சந்தேகம் வீண் இல்லை என்றும்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். மகளின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். "அவுக வாயாலயே ஒத்துக்கிட்டாக. நான் அப்பவே நெனைச்சேன், இந்தம்மா சும்மா கேக்கலைன்னு," என்றேன்.

அவர் கை நின்றது. செயின் பல்லிலிருந்து நழுவியது.

"அவுக ஏன் அப்படிச் சொன்னாக?" என்றார். "போன் போட்டது நான்ல."

நான் போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"நான் சேரலைன்னா தப்பிச்சிருவேன். முத்துலட்சுமி மதினி அந்த ரூமுக்குள்ளதான இருந்தாக. டெய்லி காலையில வேன்ல ஏறுறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"என்கிட்டகூடச் சொல்லலையே?"

"சொன்னா நீ தூங்குவியா?"

மறுநாள் மிஸ் பள்ளிக்கு வரவில்லை. பெற்றோர் சண்டைக்கு வந்ததால் இனி வர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். மதியம் வரை தாங்கிக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

"யாரு?"

"நான்தான் மிஸ்."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கீகளா?"

"இல்ல மிஸ்."

"பக்கத்துல யாரு?"

"இவுக இருக்காக."

"அவுகளைத் தள்ளிப் போகச் சொல்லுங்க."

அவர் முற்றத்துக்குப் போனார். "மிஸ், நேத்து பஸ்ல நீங்க..." என்று தொடங்கினேன்.

"இருங்க," என்றார். "நீங்க சொல்ல வர்றது எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். தெரிஞ்சா நாளைக்கு எவனாவது நல்லவனாட்டம் கேப்பான், சொல்லிப்புடுவேன். இந்த விசயத்துல என்னையவே நான் நம்ப மாட்டேன். எனக்கு எங்க போனாலும் பாடம் நடத்தப் பிள்ளைக இருக்கும். நீங்க அந்த ஊர்ல இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இந்த நம்பரை அழிச்சிருங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த எண்ணில் அவர் கிடைக்கவில்லை.

புரட்டாசி பிறந்து கம்பெனியைத் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி அக்கா எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"இப்ப பின்கதவைத் திறந்துதான் வைக்கணும்னு போட்டுட்டாகளாம். பூட்டையே கழட்டிட்டாக. எம்மா, காத்து என்னமா வருது! மதியம் தூக்கம் சொக்குது போ," என்றாள். பிறகு அதே மூச்சில், "அந்த சிஐடி டீச்சர் நாசமாப் போக. ஒரு மாச வேலையைக் கெடுத்தாளே," என்றாள்.

என் குடம் நிறைந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். குழாயை மூடினேன்.

"அப்படிச் சொல்லாதீகக்கா," என்றேன். "அவுக நல்லா இருக்கணும்."

முத்துலட்சுமி அக்கா குடத்தைக் குழாயடியில் வைக்கக் குனிந்தவள், அப்படியே நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாக, வாசலில் மகளுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை நெடுநேரம் பார்த்தாள்.